உயிருள்ள மருந்துக்கு யார் பொறுப்பு?

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைச் சேரும் பொருநையாற்றின் இரு கரையிலும், காரும் பிசானமும் விளைந்து வைக்கோற்படப்புகள் உயர்ந்து நின்ற காலத்தில், அந்த வைக்கோலையும் வரப்புப் புல்லையும் தின்று ஏருக்கும் வண்டிக்கும் எருவுக்கும் உழைத்து, கன்று குடித்ததுபோக வீட்டுக்கு ஏதோ சொற்பம் பாலும் தந்துகொண்டிருந்த நாட்டு மாடுகளை, இன்று அம்பாசமுத்திரத்திலும் சேரன்மகாதேவியிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் தேடித்தான் காண வேண்டியிருக்கிறது. அவற்றின் இடத்தில் தொழுவங்களில் நிற்பவை பெரும்பாலும் ஜெர்சிக் கலப்பினப் பசுக்கள். சமவெளிக்கு ஜெர்சி, மலைப்பிரதேசத்துக்கு ஃப்ரீஷியன் என்று சர்க்கார் வகுத்துக்கொண்ட கொள்கையின்படி, ஊர்தோறும் மாட்டாஸ்பத்திரி வழியாகச் சினை ஊசி பரவி, இரண்டு தலைமுறைக்குள் நிகழ்ந்துவிட்ட பெரும் பரிவர்த்தனை இது. இதைப் பழிக்கும் கூட்டத்தில் நான் இல்லை. நிலமில்லாத கூலிக் குடும்பத்துப் பெண் ஒருத்தி, பத்து நாளைக்கொரு முறையோ பதினைந்து நாளைக்கொரு முறையோ பால் சங்கத்தில் கைநீட்டித் தன் பெயருக்குப் பணம் வாங்குவது சாமானிய நன்மையன்று. நஞ்சை வைத்திருந்த மிராசுதார்களின் வீட்டுக் கொல்லைக்கு மட்டும் உரியதாக இருந்த ஒரு சௌகரியம், கீழத்தெருவுக்கும் குடிசைக்கும் வந்து சேர்ந்தது இந்தப் பசுக்களால்தான்.

ஆனால், சீமை இரத்தத்தை இறக்குமதி செய்தவர்கள் அந்த இரத்தத்துக்கு இங்கே காத்திருந்த சத்துருவைப் பற்றி எவ்வளவு தூரம் யோசித்தார்கள் என்று கேட்டால், விடை திருப்தியாக இல்லை. மாட்டின் காதோரத்திலும் மடியிடுக்கிலும் வாலடியிலும் ஒட்டிக்கொண்டு பருத்து விழும் உண்ணியை நம் ஜனங்கள் ஆதிகாலந்தொட்டு அறிவார்கள். வேப்பெண்ணெய் தடவியும் கையால் பிடுங்கி நெருப்பில் இட்டும் அதனோடு மல்லாடி வந்திருக்கிறார்கள். ஆனால் அது உறிஞ்சிப் போகும் இரத்தத்தைவிட, உறிஞ்சும்போது உள்ளே விட்டுப்போகும் நுண்ணுயிர்களே பெருங்கேடு விளைவிப்பவை. தைலேரியா, பபேசியா, அனபிளாஸ்மா என்று மூன்று வகையாகச் சொல்லலாம். (இவற்றுள் மூன்றாவது, சாஸ்திரப்படி ஒட்டுண்ணியன்று, பாக்டீரியா, ஆயினும் உண்ணியால் பரவி இரத்தச் சிவப்பணுவுக்குள் வாசம் செய்வதால் மாட்டு வைத்தியர்கள் மூன்றையும் ஒரே பந்தியில் வைத்தே பேசுவது வழக்கம்.) பபேசியா கண்ட மாடு காப்பி நிறத்தில் மூத்திரம் பெய்யும். தைலேரியா கண்ட மாட்டுக்கு 104 டிகிரிக்கு மேல் காய்ச்சல் அடித்து, முன்தோளுக்கு அருகிலுள்ள நிணநீர்க் கழலை கைக்குத் தட்டுப்படும்படி வீங்கி, தீனி நின்று, அசை நின்று, பால் வற்றி, மூச்சு வாங்கி, தக்க மருந்து தக்க சமயத்தில் கிடைக்காவிடில் சில நாளில் உயிர் போய்விடும். நாட்டு மாட்டுக்கு இதே கிருமி புகுந்தால் அநேகமாக இலேசான சுகவீனத்தோடு போய்விடுகிறது. பல நூற்றாண்டுக் காலம் உண்ணியோடு கூடவே வாழ்ந்து தேர்ந்த இனத்துக்கும், ஆங்கிலக் கால்வாயிலுள்ள ஒரு சிறு தீவின் குளிர்ந்த புல்வெளியிலிருந்து நேற்று வந்த இனத்துக்கும் உள்ள வித்தியாசம் அது.

தைலேரியாவில் நம் நாட்டில் மிகுந்த நாசம் செய்வது 'தைலேரியா அன்னுலேட்டா' என்பது. இதைச் சுமப்பது ஹயலோமா என்னும் உண்ணி. இந்த உண்ணி வாழ்நாள் முழுவதும் மாட்டின்மேல் இருப்பதன்று. இரத்தம் குடித்து நிறைந்ததும் கீழே விழுந்து, தொழுவத்துச் சுவரின் வெடிப்பிலும் கல்லிடுக்கிலும் புகுந்து, அங்கே தோல் உரித்துக்கொண்டு மறுபடி பசியோடு வெளிப்படும். ஆகவே மாட்டின் மேனியில் மருந்து தெளித்துவிட்டு, பூசாத மண்சுவரை அப்படியே விட்டுவைக்கும் வீட்டில் உண்ணி ஒருநாளும் ஒழிவதில்லை. வட ஆப்பிரிக்க நாடுகளில் தொழுவச் சுவர்களைச் சிமெண்டு பூசி வழவழப்பாக்கியே இந்த நோயைப் பெருமளவு குறைத்திருக்கிறார்கள் என்பதை, மருந்துக் கடையில் மட்டுமே பரிகாரம் தேடும் நம்மவர் கவனிக்க வேண்டும்.

உடம்பினுள் புகுந்தபின் இந்தக் கிருமி செய்யும் காரியம் ஆச்சரியமானது. பயங்கரமானது என்றும் சொல்ல வேண்டும். நோயை எதிர்த்துப் போராட வேண்டிய வெள்ளணுவுக்குள்ளேயே அது குடியேறி, அந்த அணுவைக் கொல்லாமல், அதற்குச் சாவில்லாத ஒரு வெறியை ஊட்டி, புற்றுநோய் அணுவைப் போல் ஓயாது பிளந்து பெருகும்படி செய்துவிடுகிறது. அணு இரண்டாகப் பிளக்கும்போது தானும் இரண்டாகப் பிரிந்து இரண்டிலும் இருந்துகொள்கிறது. தான் புகுந்த அணுவைப் புற்றணுவாக மாற்றும் வித்தையில் வைரஸ்கள் சில தேர்ந்தவை. அவற்றைவிட எவ்வளவோ மேம்பட்ட உயிரமைப்புடைய ஒட்டுண்ணிகளுள் இந்த வித்தை வாய்த்தது தைலேரியா இனம் ஒன்றுக்கே என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

இந்தத் துர்க்குணமே மனிதனுக்கு ஒரு சகாயமாக முடிந்தது. நோயுற்ற மாட்டின் வெள்ளணுக்களை எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் போஷக திரவத்தில் இட்டு, மாட்டின் உடற்சூட்டில் வைத்தால், அவை அங்கும் ஓயாமல் பெருகுகின்றன. வாரத்துக்கு இரண்டொரு முறை அவற்றில் சிறிதை எடுத்துப் புதிய திரவத்துக்கு மாற்றி, மாற்றி, இப்படி நூறு, இருநூறு முறை கடத்திக்கொண்டே போனால், கிருமி உயிரோடேயே இருக்கிறது. ஆனால் அதன் உக்கிரம் அடங்கிப்போகிறது. இரத்தக் குழாய்ச் சுவரைத் துளைத்து உறுப்புகளுக்குள் பரவுவதற்கு அந்த அணுக்கள் சுரந்துவந்த நொதிகள் குறைந்துபோவது இதற்கொரு காரணம் என்று பின்னாளில் கண்டார்கள். இப்படிச் சாதுவாக்கப்பட்ட அணுக்களைக் கன்றின் தோலுக்கடியில் செலுத்தினால், கடும் நோய் உண்டாகாமல், கன்றின் உடல் மெய்யான சத்துருவை அடையாளம் கண்டுகொள்கிறது. இஸ்ரேலில் 1940-களில் தொடங்கிய இந்த ஆராய்ச்சி, ஈரான், துருக்கி, மொராக்கோ முதலிய தேசங்களுக்குப் பரவி, நம் நாட்டிலும் கைகூடியது. தேசிய பால்வள வாரியம் ஹைதராபாத்தில் ஸ்தாபித்த இந்தியன் இம்யூனாலஜிகல்ஸ் நிறுவனம் 'ரக்ஷாவாக்-டி' என்ற பெயரில் இவ்வகை மருந்தைத் தயாரித்தது. ஆகவே இது எங்கோ கடல் கடந்த நாட்டுச் சமாசாரமன்று.

மருந்து இருக்கிறது; மாடும் இருக்கிறது; பின் என்ன கேள்வி என்று வாசகர் கேட்கலாம். கேள்வி, அந்த மருந்தின் சுபாவத்தில் இருக்கிறது. கொன்ற கிருமியால் செய்த தடுப்பூசி வீரியம் குறைந்துபோனால், அதிகபட்சம் பயனற்றதாகும். பணமும் நம்பிக்கையும் நஷ்டம். உயிருள்ள கிருமியால் செய்த ஊசியோ, கிருமி செத்துப்போனால் வெறும் நீர். போதிய அளவு அடங்காதிருந்தால் அதுவே நோய். அதனோடு வேறொரு கிருமி கலந்திருந்தால், நோயில்லாத ஊருக்கு நோயைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வாகனம். இம்மூன்றும் கற்பனையன்று, சரித்திரம்.

உண்ணி நோயைப் பரப்புகிறது என்பதையே உலகம் அறிந்தது 1893-ல். அமெரிக்காவில் தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் டெக்ஸாஸ் காய்ச்சல் எனப்பட்ட பபேசியா நோயை ஆராய்ந்து, பூச்சியினத்தைப் போன்ற சிற்றுயிர் ஒன்று நோயைச் சுமந்து செல்ல முடியும் என்று முதன்முதலாக ஐயமற நிரூபித்தார்கள். கொசுவால் மலேரியா பரவுவதை ரொனால்ட் ராஸ் இந்தியாவில் கண்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்; மாட்டு வைத்தியம் மனித வைத்தியத்துக்கு வழிகாட்டிய சந்தர்ப்பங்களில் இது ஒன்று. அந்தப் பத்தாண்டிலேயே, நோய் வந்து பிழைத்த மாட்டின் இரத்தத்தை எடுத்து நோய் வராத மாட்டுக்கு ஏற்றும் முறையை அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவின் க்வீன்ஸ்லாந்திலும் கையாளத் தொடங்கிவிட்டார்கள். முரட்டு வைத்தியந்தான், அதில் பிழைத்தவையும் உண்டு, மாண்டவையும் உண்டு. தென்னாப்பிரிக்காவில் ஆர்னால்ட் தைலர் (தைலேரியா என்ற பெயரே இவரால் வந்தது) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனபிளாஸ்மாவில் இயல்பாகவே சாதுவான ஒரு வகையைக் கண்டுபிடித்து, அதையே ஊசியாகப் பிரயோகித்தார். 1934-ல் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பப்பட்ட அந்தக் கிருமியின் சந்ததி இன்றளவும் தடுப்பு மருந்தாக வழங்கிவருகிறது என்பது, உயிருள்ள மருந்தின் சிரஞ்சீவித் தன்மைக்கு நல்ல திருஷ்டாந்தம்.

பபேசியாவுக்கு இயற்கை அப்படியொரு சாதுவை அளிக்கவில்லை. மனிதனே ஒன்றை உண்டாக்க வேண்டியிருந்தது. மண்ணீரல் அகற்றப்பட்ட கன்று ஒன்றின் உடலில் பபேசியா போவிஸை விட்டு, அங்கே அது பெருகியதும் இரத்தத்தை எடுத்து அவ்வாறே மண்ணீரல் அகற்றிய அடுத்த கன்றுக்கு ஏற்றி, இப்படி இருபது முப்பது கன்றுகளின் வழியே விரைந்து கடத்தினால் கிருமியின் கொடுமை தணிகிறது என்பதை 1960-களில் ஆஸ்திரேலியாவில் காலோ முதலியோர் கண்டார்கள். க்வீன்ஸ்லாந்தின் வாக்கோல் என்னுமிடத்தில் 1966-ல் அமைந்த உண்ணிக் காய்ச்சல் நிலையம் இந்த முறையில் மருந்து தயாரித்து விவசாயிகளுக்கு வழங்கி வந்தது. அதே பபேசியாவின் இன்னொரு வகையாகிய பைஜெமினாவுக்கோ இந்த அவசர வழி பலிக்கவில்லை. மண்ணீரல் உள்ள கன்றில் பல மாதம் தூங்கவிட்டு எடுத்தால்தான் அது அடங்கியது. ஒரே குடும்பத்துக் கிருமிகள் இரண்டை அடக்க இரண்டு வேறு உபாயங்கள்! இதில் இன்னொரு சங்கடமும் தெரியவந்தது. அடங்கட்டும் என்று மேலும் மேலும் கடத்திக்கொண்டே போன வகைகள், காலப்போக்கில் நோய் தரும் சக்தியோடு காப்பாற்றும் சக்தியையும் இழந்துவிட, ஊசி போட்ட மாடுகளும் நோயில் விழுந்து, புதிதாக வேறு வகையைத் தேடி எடுக்க வேண்டியதாயிற்று. எனவே எத்தனையாவது கடத்தலில் நிறுத்துவது என்பதே தயாரிப்பின் உயிர்நாடி. மூல வித்தைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே தொடங்கி, வகுத்த எல்லையைத் தாண்டாமல் தயாரிப்பதென்ற விதி இப்படி அடிபட்டுக் கற்ற பாடம்.

கலப்பட அபாயத்துக்கு நம் நாட்டுச் சரித்திரத்திலேயே சாட்சியம் இருக்கிறது. 2011-ல் உலகைவிட்டே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்ட வெக்கை நோயை, வயதான சம்சாரிகள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். நூறாண்டுக்கு முன் அதைத் தடுக்கக் கையாண்டுவந்த முறை, நோயுள்ள மாட்டின் இரத்தத்தையும் நோயெதிர்ச் சீரத்தையும் ஏககாலத்தில் செலுத்துவது. அந்த இரத்தத்தில் வெக்கைக் கிருமி மாத்திரமா இருந்தது? உண்ணி கடித்த மாட்டின் இரத்தமல்லவா! பபேசியாவும் அதன் சுற்றமும் சேர்ந்தே ஏறின. குமாயூன் மலையிலுள்ள முக்தேசுவரத்து ஆராய்ச்சி நிலையத்தில் 1920-களில் தலைவராயிருந்த எட்வர்ட்ஸ் என்பவர், மாட்டின் இரத்த ஒட்டுண்ணிகள் வெள்ளாட்டில் வாழா என்ற காரணத்தால், அவற்றை வடிகட்டிவிடும் நோக்கத்தோடு வெக்கைக் கிருமியை வெள்ளாடுகளின் வழியே கடத்தினார். ஒட்டுண்ணிகள் கழிந்தன, எதிர்பாராத வண்ணம், கிருமியும் மாட்டுக்குச் சாதுவாயிற்று. அப்படிப் பிறந்ததுதான் பின்னர் இந்தியா முழுவதும் இலட்சக்கணக்கில் போடப்பட்ட வெள்ளாட்டுத் திசு ஊசி. இரத்த ஒட்டுண்ணிகளை விலக்கப் போய் வேறொரு பெருநோய்க்கு மருந்து கிடைத்த விந்தையை நம் பாடபுத்தகங்கள் ஏனோ சொல்வதில்லை. நம் மாகாணத்தில் வெக்கைச் சீரம் தயாரிக்கவென்றே 1932-ல் இராணிப்பேட்டையில் ஒரு நிலையம் அமைந்து, கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் என்ற பெயரில் இன்றும் அடைப்பான் முதல் கோழிக்கழிச்சல் வரை பல நோய்களுக்கு ஊசிமருந்து தயாரித்து வருகிறது.

முன்னேறிய நாடுகளுக்கு இந்தச் சறுக்கல் நேராது என்று எண்ணினால் அதுவும் பிழை. 1980-களில், மேற்சொன்ன க்வீன்ஸ்லாந்து நிலையத்தின் மருந்தில், கன்று ஒன்றின் இரத்தத்தோடு மாட்டு இரத்தப் புற்றுநோய் வைரஸும் கலந்துபோய், ஊசி போட்ட மந்தைகளில் அந்த வைரஸ் பரவியது. கன்று பரிசோதிக்கப்படாததன்று, தொற்றிய புதிதில் பரிசோதனைக்கு அகப்படாத ஒரு சிறு இடைவெளி எல்லா வைரஸுக்கும் உண்டு, அந்த இடைவெளியில் இரத்தம் எடுக்கப்பட்டால் எந்த நிபுணனும் ஏமாறுவான். மனிதருக்கான மஞ்சள் காய்ச்சல் ஊசியிலும் இதுவே நிகழ்ந்தது: 1942-ல் அமெரிக்கச் சிப்பாய்களுக்குப் போடப்பட்ட அந்த உயிருள்ள மருந்தில், அதை நிலைநிறுத்தச் சேர்த்த மனித சீரத்தின் வழியாகக் கல்லீரல் அழற்சி வைரஸ் புகுந்து, ஏறக்குறைய 50,000 பேர் மஞ்சட்காமாலையில் விழுந்தார்கள். அந்த மஞ்சள் காய்ச்சல் மருந்தைக் கண்டுபிடித்து 1951-ல் நோபல் பரிசு பெற்ற மாக்ஸ் தைலர், நாம் மேலே கண்ட ஆர்னால்ட் தைலரின் புதல்வர் என்பது காலத்தின் ஒரு விநோதம். மருந்தின் மூலக்கிருமியில் குற்றமில்லை. அதைத் தாங்கிவந்த திரவத்தில் குற்றம். மாட்டு வெள்ளணு வளர்ப்புக்கும் கன்றுகளின் சீரத்தைச் சேர்ப்பது வழக்கமாதலால் இந்த எச்சரிக்கை தைலேரியா ஊசிக்கும் முழுக்கப் பொருந்தும்.

ஆகவே ஒரு தொகுதி மருந்து ஆலையிலிருந்து வெளிவருமுன் அது எந்தெந்தச் சோதனையைக் கடக்க வேண்டுமென்பதைச் சம்சாரியும் ஓரளவு அறிந்திருப்பது நல்லது. உறையவைத்த குப்பியை எடுத்து இளஞ்சூட்டு நீரில் உருக்கி, சாயமேற்றி, அணுக்களில் எத்தனை பங்கு உயிரோடு இருக்கின்றன, அவற்றுள் எத்தனை பங்கில் கிருமி இருக்கிறது என்று எண்ண வேண்டும். செத்த அணுக்கள் மிகுந்த தொகுதி கழிக்கப்பட வேண்டியதே. பாக்டீரியா, பூஞ்சை, கண்ணுக்கு எளிதில் அகப்படாத மைக்கோபிளாஸ்மா ஆகியவை இல்லை என்பதை வளர்ப்பூடகங்களில் பல நாள் வைத்துக் காண வேண்டும். மாட்டு வைரஸுகள் இல்லை என்பதைத் தனியே நிரூபிக்க வேண்டும். நோயே அறியாத கலப்பினக் கன்றுகளுக்கு, வழக்கமான அளவிலும் அதைவிட மிகுந்த அளவிலும் செலுத்தி, காய்ச்சலும் கழலை வீக்கமும் எல்லைக்குள் நிற்கின்றனவா, சிவப்பணுவில் கிருமி தோன்றுகிறதா என்று வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். தோன்றினால் அதை உண்ணி எடுத்துப்போய்ப் பரப்பும் அபாயம் உண்டு. கடைசியாக, மெய்யான பரீட்சை: நோயேற்றிய உண்ணிகளை அரைத்தெடுத்த திரவத்தை, ஊசி போட்ட கன்றுக்கும் போடாத கன்றுக்கும் ஒருங்கே செலுத்தி, முன்னது பிழைப்பதையும் பின்னது நோயில் விழுவதையும் கண்ணால் காண வேண்டும். இது செலவு பிடிப்பது, மனத்துக்கும் உவப்பில்லாதது. ஆனால் இதைத் தவிர்த்துவிட்டு, காகிதத்தில் மட்டும் 'தேறியது' என்று எழுதிய மருந்தைச் சம்சாரியின் ஒரே பசுவில் பரீட்சிப்பது அதைவிடக் கொடுமை.

கொண்டுசேர்ப்பதில் இருக்கிறது அடுத்த சிரமம். இந்த மருந்து ஐஸ் பெட்டியில் தங்காது. பூஜ்யத்துக்குக் கீழ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனில் மூழ்கியே இருக்க வேண்டும். இதைச் சொன்னவுடன் அதிகாரிகள் பலர், 'கிராமத்தில் இதெல்லாம் நடக்கிற காரியமா' என்று கையை விரித்துவிடுகிறார்கள். அவர்களைக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. ஊட்டியிலிருந்தும் ஈச்சங்கோட்டையிலிருந்தும் பொலிகாளையின் உறைவிந்து முக்கூடலுக்கும் திசையன்விளைக்கும் எதில் வந்து சேர்கிறது? இதே நைட்ரஜன் கலனில்தானே! சீமைப் பசுவின் இரத்தத்தை இத்தனை ஆண்டுகளாக ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்த கலன், அந்த இரத்தத்துக்குப் பிறந்த கன்றைக் காக்கும் மருந்தைச் சுமக்க மட்டும் சக்தியற்றதாகிவிடுமா? பாதையும் ஆளும் பழக்கமும் ஏற்கெனவே இருக்கின்றன; உருக்கிய குப்பியை உடனே செலுத்திவிட வேண்டுமென்ற கட்டுப்பாடும் சினை ஊசி போடுபவர்களுக்குப் புதிதன்று. கோழிக்கு இராணிக்கேத் ஊசி போட்டுப் பழகிய நம் பெண்களுக்கு, உயிருள்ள மருந்தை வெயிலில் வைக்கலாகாது என்பதைத் தனியே போதிக்க வேண்டியதுமில்லை.

எனினும் ஊசிதான் சர்வரோக நிவாரணி என்று நான் வாதிக்கவில்லை. முதலாவது, இந்த ஊசி தைலேரியா அன்னுலேட்டாவை மட்டுமே தடுக்கும். பபேசியாவுக்கும் அனபிளாஸ்மாவுக்கும் அது குறுக்கே நிற்காது. அன்னுலேட்டாவின் தாயாதியாகிய தைலேரியா ஓரியன்டாலிஸ் என்னும் வகை, வெகுகாலம் சாதுவென்றே எண்ணப்பட்டிருந்து, மலைக்கு அப்பால் வயநாட்டில் மாடுகளுக்குக் கடுநோயும் மரணமும் விளைவித்ததை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். செங்கோட்டைக் கணவாய் வழியாக மாடுகள் இப்பாலும் அப்பாலும் போய்வருவது இன்று நேற்றைய வழக்கமா? பொருநைப் பள்ளத்தாக்கில் உண்ணிக் காய்ச்சலால் சாகும் பசுக்களைக் கொல்வது இவற்றுள் எது, எந்தத் தாலுகாவில் எது, நஞ்சைப் பகுதியில் எது, தேரிக்காட்டில் எது என்று அறியாமல், ஹைதராபாத்திலிருந்து மருந்து தருவித்து எல்லாக் கன்றுக்கும் போடுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கல்லெறியும் வேலை. அப்படிப் போட்டபின் வேறு கிருமியால் நாலு மாடு இறந்தால், பழி ஊசியின்மேல் விழும். பிறகு எந்த ஊசியோடு போனாலும் சம்சாரி தொழுவக் கதவைத் திறக்க மாட்டான்.

இரண்டாவது, மருந்துச் சிகிச்சையைப் பற்றியது. தைலேரியாவுக்குப் புபர்வக்குவோன் என்ற சஞ்சீவி போன்ற மருந்து உண்டு. நோய் முற்றுமுன் போட்டால் பிழைக்கும். ஆனால் விலை சாமானியர்க்கு எட்டாதது. மேலும் துனீசியா முதலிய நாடுகளில் அதற்கு மசியாத கிருமிகள் தோன்றிவிட்டன. கழலை வீங்கியதோ இல்லையோ, இரத்தத்தைப் பாராமலே காய்ச்சல் கண்ட மாட்டுக்கெல்லாம் அதைக் குத்திவிடும் வழக்கம் நீடித்தால், இங்கும் அந்நிலை வர வெகுகாலம் செல்லாது. மூன்றாவது, உண்ணியை அடியோடு ஒழித்துவிட்டால் ஊசி எதற்கு என்பாரும் உண்டு. கேட்க நியாயமாகத் தோன்றும். ஆனால் இளங்கன்றாக இருக்கையில் சிற்சில உண்ணி கடித்து, தாய்ப்பாலின் பலத்தோடு இலேசாகக் கிருமியைச் சந்தித்துத் தேறிய மாடு, பபேசியாவைப் பிற்காலத்தில் தாங்கிக்கொள்கிறது. அரைகுறையாக உண்ணியை ஒழித்த ஊரில்தான், அந்தச் சந்திப்பு வாய்க்காமல் வளர்ந்த பசு முதல் ஈற்றில், கறவையின் உச்சத்தில் விழுகிறது. நம்மால் உண்ணியை அரைகுறையாகத்தான் ஒழிக்க முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

இனிச் செய்யத்தக்கது என்ன? 2019-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் கோமாரியையும் கன்றுவீச்சு நோயையும் குறியாகக் கொண்டது, நல்ல காரியமே. ஆனால் மந்தை மந்தையாகத் தொற்றாமல், இங்கொரு வீட்டில் ஒன்றும் அங்கொரு வீட்டில் ஒன்றுமாகப் பசுவைக் கொண்டுபோகும் உண்ணிக் காய்ச்சல், டில்லியின் கணக்கில் பெருநோயாகத் தோன்றாது. அது தோன்ற வேண்டியது நம் மாகாணத்தின் கணக்கில். 2012 முதல் திருநெல்வேலியை அடுத்த இராமையன்பட்டியில் ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியும் ஆராய்ச்சி நிலையமும் இயங்கிவருகின்றன. ஒட்டுண்ணியியல் கற்ற ஆசிரியர்களும் நுண்ணோக்காடியும் மரபணுச் சோதனைக் கருவிகளும் அங்கே இருக்கையில், பள்ளத்தாக்கிலுள்ள ஒவ்வொரு மாட்டாஸ்பத்திரியும் காய்ச்சல் கண்ட மாட்டின் இரத்தப் பூச்சைத் தவறாமல் அங்கே அனுப்ப வேண்டுமென்றும், இன்ன ஊரில் இன்ன கிருமி என்று ஆண்டுதோறும் அது பகிரங்கமாக வெளியிட வேண்டுமென்றும் ஓர் உத்தரவு போடுவதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டியதில்லை. அன்னுலேட்டா உள்ளதென்று தெரியவரும் ஊர்களில், கலப்பினக் கன்றுகளுக்கு இலவசமாக ஊசி போடுவது அடுத்த படி.

அப்படிப் போடுமுன், தயாரித்தவர் தரும் சான்றிதழை மட்டும் நம்பலாகாது. தயாரிப்பவர் தம் மருந்தைத் தாமே சோதிப்பது அவசியம். அது போதும் என்பது அபத்தம். நாட்டில் கால்நடை ஊசிமருந்துகளின் தரத்தை நிர்ணயிக்கும் தேசிய நிலையம் உத்தரப்பிரதேசத்துப் பாக்பத்தில் இருக்கிறது. இங்கிருந்து அது நெடுந்தூரம். தொண்ணூறு ஆண்டுக்கு மேல் ஊசிமருந்து தயாரித்துத் தழும்பேறிய இராணிப்பேட்டை நிலையத்தில், தயாரிப்புப் பகுதிக்குக் கட்டுப்படாத தனிப் பகுதி ஒன்றை அமைத்து, தமிழ்நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு தொகுதி உயிருள்ள மருந்தையும் மறுமுறை சோதித்து, தேறியதையும் தேறாததையும் தொகுதி எண்ணோடு வெளியிடச் செய்ய வேண்டும். தேறாத தொகுதியைப் பற்றிப் பேசினால் ஜனங்கள் பீதியடைவார்கள் என்பது உத்தியோகஸ்தர்களின் பழைய வாதம். க்வீன்ஸ்லாந்து நிலையத்தார் தங்கள் மருந்தில் நேர்ந்த கலப்படத்தைத் தாங்களே ஆராய்ந்து விஞ்ஞானப் பத்திரிகையில் எழுதினார்கள். அதனால் அந்த நிலையம் மூடப்பட்டுவிடவில்லை, அங்கே மருந்து தயாரிப்பு மேலும் நடந்துவந்தது.

கால்நடைத் துறை அமைச்சரும் பால் ஒன்றியத்தாரும் இதைக் கவனிக்கும்வரை, பசு வைத்திருப்பவர்கள் இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. தொழுவத்துச் சுவரின் வெடிப்பைப் பூசிவிடுங்கள். மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு நின்றால், ஊசி போட வருபவரிடம், ஊசிக்கு முன் காது நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி எடுத்து, அதை இராமையன்பட்டிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பினாரா, என்ன விடை வந்தது என்று மறுவாரம் மறவாமல் கேளுங்கள்.